வத்துகாருங் போகிறவர்களுக்கு: தென் ஜாவாவின் ஒரு மீனவக் கிராமத்தில் சிரமமில்லாமல் தங்குவது எப்படி

முதல் முறை நான் பச்சித்தான் பஸ் நிலையத்தில் இறங்கியபோது இரவு ஏழு மணி. கையில் 80,000 ரூபியா இருந்தது. இந்திய மதிப்பில் 450 ரூபாய்கூடத் தேறாது. போனில் சிக்னல் இல்லை. கிராமத்துக்குப் போக வண்டியும் இல்லை. கடைசியில் ஒரு டீக்கடைக்காரர் தன் போனிலிருந்து நான் தங்கவிருந்த வீட்டுக்குப் பேசினார். அந்த வீட்டுப் பையன் மலைப்பாதையில் ஒரு மணி நேரம் பைக் ஓட்டி வந்து என்னைக் கூட்டிப்போனான். அவன் அன்றைக்கு விடியற்காலையில் கடலுக்குப் போய்விட்டு வந்தவன் என்பது மறுநாள்தான் தெரிந்தது. இன்னொருவரை இப்படி அலைக்கழிக்க வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

வத்துகாருங், இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவா மாகாணத்தில் பச்சித்தான் மாவட்டத்தின் பிரிங்குக்கு வட்டத்தில் இருக்கும் கடலோரக் கிராமம். முன்னால் இந்தியப் பெருங்கடல், பின்னால் சுண்ணாம்புக்கல் குன்றுகள், நடுவில் வெள்ளை மணல் விரிகுடாக்கள். மீன்பிடிப்பும் விவசாயமும்தான் பிழைப்பு. சில வருஷங்களாக அலைச்சறுக்குக்காரர்கள் வருவதால் பல வீடுகளில் அறை வாடகைக்குக் கிடைக்கிறது. ஊரில் தங்குவதில் ஒரு சிரமமும் இல்லை. போய்ச் சேரும் கடைசி ஒரு மணி நேரமும், முன்கூட்டியே முடிக்காமல் விட்ட வேலைகளும்தான் ஆளைப் படுத்துகின்றன.

1. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். சாலை காய்ந்திருக்கும், வானம் தெளிவாக இருக்கும், அலையும் பெரிது. நவம்பர் முதல் மார்ச் வரை மழை. அப்போது மலைச்சாலைகளில் மண் சரியும்.

ரமலான் மாதத்தில் பகலில் சாப்பாட்டுக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். நோன்புப் பெருநாளை ஒட்டிய இரண்டு வாரங்களை அறவே தவிர்த்துவிடுங்கள். நகரங்களில் வேலை செய்பவர்கள் அத்தனை பேரும் சொந்த ஊருக்குத் திரும்பும் நாட்கள் அவை. வண்டியில் இடம் கிடைக்காது, கிடைத்தால் கட்டணம் ஏறியிருக்கும், வீடுகளில் அறை இருக்காது. அந்த நாட்களில் அவர்கள் வீட்டுத் திண்ணையில் நாம் இடம் பிடிப்பதும் நியாயம் இல்லை.

2. விசாவும் வருகை அட்டையும்

இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு வருகை விசா ('விசா ஆன் அரைவல்') உண்டு. அதை ஆன்லைனிலேயே எடுக்கலாம். கட்டணம் 5,00,000 ரூபியா, கிட்டத்தட்ட 2,700 இந்திய ரூபாய். கார்டில் கட்டும்போது கொஞ்சம் சேவைக் கட்டணம் சேரும். 30 நாள் தங்கலாம், ஒரு முறை இன்னொரு 30 நாள் நீட்டிக்கலாம். விசா கிடைத்ததிலிருந்து 90 நாளுக்குள் நாட்டுக்குள் நுழைந்துவிட வேண்டும். மலேசிய, சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு 30 நாள் வரை விசாவே தேவையில்லை.

என்னென்ன வேண்டும்? குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், திரும்பும் டிக்கெட், புகைப்படம், வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்குத் திறந்துவிடப்பட்ட கார்டு. கார்டில் அந்த அனுமதியைப் போடாமல் பணம் கட்டப் போய், மூன்று முறை நிராகரிக்கப்பட்டுத் தவித்திருக்கிறேன். முந்தின நாளே வங்கிச் செயலியில் பார்த்துவிடுங்கள்.

இங்கேதான் முதல் பொறி. தேடலில் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் ஏஜென்ட் தளங்கள். அரசுத் தளம் போலவே இருக்கும், இரண்டு மடங்கு வாங்குவார்கள். என் நண்பர் ஒருவர் அப்படிக் கட்டி ஏமாந்தார். குடிவரவுத் துறையின் முகவரி 'கோ டாட் ஐடி' என்றுதான் முடியும். அப்படி முடியாத எதிலும் பாஸ்போர்ட் விவரத்தைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது 'ஆல் இந்தோனேசியா' என்ற வருகை அட்டை. சுங்க அறிவிப்பும் உடல்நல அறிவிப்பும் இதற்குள் அடக்கம். தரையிறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. பணம் கேட்டால் அது போலித் தளம். வரும் கியூஆர் குறியீட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், விமான நிலைய வைஃபையை நம்ப வேண்டாம்.

நாள் கணக்கில் ஒரு எச்சரிக்கை. நீங்கள் வந்து இறங்கும் நாளே முதல் நாள். ஒரு நாள் கூடினாலும் நாளொன்றுக்கு 10,00,000 ரூபியா அபராதம். நீட்டிப்பதாக இருந்தால் இரண்டு வாரம் முன்னதாகவே ஆரம்பியுங்கள். விண்ணப்பம் ஆன்லைனில் போட்டாலும் புகைப்படத்துக்கு நேரில் போக வேண்டும். பச்சித்தான் வட்டாரத்துக்கான குடிவரவு அலுவலகம் பொனொரோகோவில் இருக்கிறது. வளைந்து வளைந்து போகும் சாலை, கிராமத்திலிருந்து போய்வர ஒரு முழு நாள் போய்விடும். அப்புறம், இந்த விசாவில் சம்பள வேலை எதுவும் செய்யக்கூடாது. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுங்கள் என்று அன்பாகக் கேட்பார்கள். பணிவாக மறுத்துவிடுங்கள்.

3. விமானம்: 'யோக்யகர்த்தா' என்ற பெயரை வைத்து நேரம் கணக்கிடாதீர்கள்

சென்னை, திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வழியாக யோக்யகர்த்தா போவதுதான் வசதி. இரண்டு விமானங்களையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் கோலாலம்பூரில் பெட்டியை வாங்கி மறுபடி ஏற்ற வேண்டும், அதற்கு மலேசியாவுக்குள் நுழைந்தாக வேண்டும். இந்தியர்களுக்கு மலேசியாவில் விசா விலக்கு 2026 டிசம்பர் 31 வரை இருக்கிறது. ஆனால் அவர்களுடைய டிஜிட்டல் வருகை அட்டையைத் தனியாக நிரப்ப வேண்டும். இது தெரியாமல் இணைப்பு விமானத்தை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

புதிய யோக்யகர்த்தா விமான நிலையம் நகரத்துக்கு மேற்கே கூலோன் புரோகோவில் இருக்கிறது. நீங்கள் போக வேண்டிய பச்சித்தானோ நகரத்துக்குக் கிழக்கே நூறு கிலோமீட்டருக்கும் மேல். விமான நிலையத்திலிருந்து நகரத்திலுள்ள துகு ரயில் நிலையத்துக்கு ரயிலில் சுமார் 40 நிமிடம், அங்கிருந்து பச்சித்தான் மூன்று நான்கு மணி நேரம், அதன் பிறகு கிராமத்துக்கு ஒரு மணி நேரம். மதியம் தரையிறங்கினால் அன்றே கிராமத்துக்குப் போக நினைக்காதீர்கள். யோக்யகர்த்தாவில் ஓர் இரவு தங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள். நான் செய்த தவறு இதுதான்.

4. பச்சித்தான் வரை

இரண்டு வழிகள் உண்டு.

'டிராவல்' என்று அங்கே சொன்னால் பயணிகளைப் பகிர்ந்து ஏற்றும் மினி வேன். தங்கும் இடத்துக்கே வந்து ஏற்றிக்கொண்டு, சொன்ன இடத்தில் இறக்குவார்கள். வாட்ஸ்அப்பில் முந்தின நாளே இடம் சொல்லிவிட வேண்டும். நான் ஒரு வழிக்கு 1,20,000 ரூபியா கொடுத்தேன். மலைப்பாதையில் வேகமாகத்தான் ஓட்டுவார்கள். வயிறு குமட்டுபவர்கள் முன் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

சாவகாசமாகப் போக விரும்பினால், யோக்யகர்த்தாவிலிருந்து சோலோ பாலாபான் நிலையத்துக்கு மின்சார ரயில். கட்டணம் 8,000 ரூபியாதான். அங்கிருந்து திர்த்தோனாடி பஸ் நிலையத்துக்கு மேம்பால நடைபாதையிலேயே நடந்துவிடலாம். பிறகு வொனொகிரி வழியாகப் பச்சித்தான் பஸ். இந்த பஸ் புனுங், பிரிங்குக்கு ஊர்களைத் தாண்டித்தான் பச்சித்தான் டவுனுக்குப் போகும். இரண்டுமே டவுனைவிடக் கிராமத்துக்குப் பக்கம். எங்கே இறங்கினால் ஆள் வருவார் என்று வீட்டுக்காரரிடம் முன்பே கேட்டு வையுங்கள்.

ஊர் பெயரைப் 'பசிட்டான்' என்று சொன்னால் டிக்கெட் கொடுப்பவருக்குப் புரியாது. பச்சித்தான் என்று அழுத்திச் சொல்லுங்கள்.

5. டவுனிலேயே முடித்துவிட வேண்டியவை

கிராமத்தில் ஏடிஎம் இருக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். தங்கும் நாட்களுக்கான மொத்தப் பணத்தையும் டவுனில் எடுத்துவிடுங்கள். இயந்திரத்தின் மேல் 50,000 அல்லது 1,00,000 என்று ஒட்டியிருக்கும். 50,000 நோட்டு வரும் இயந்திரத்தில் எடுங்கள், சின்னக் கடைகளில் ஒரு லட்சத்துக்குச் சில்லறை இருக்காது. இன்னொன்று: அங்கே பல இயந்திரங்களில் பணம் முதலில் வரும், கார்டு பிறகுதான் வரும். பணத்தை எடுத்துக்கொண்டு கார்டை மறந்துவிட்டு நடப்பவர்கள் நிறைய. இந்திய ரூபாய் நோட்டை இந்த வட்டாரத்தில் மாற்ற முடியாது. மலேசிய, சிங்கப்பூர் வங்கிச் செயலி வைத்திருப்பவர்கள் 'கிரிஸ்' என்ற அந்நாட்டுக் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பணம் கட்டலாம், ஆனால் கிராமத்துச் சின்னக் கடைகளில் ரொக்கம்தான்.

சிம் கார்டுக்கு டெல்கோம்செல் எடுங்கள். குன்றுகளுக்கு நடுவில் அதுதான் ஓரளவு பிடிக்கிறது. வெளிநாட்டு போனின் ஐஎம்இஐ எண்ணைப் பதிவு செய்யாவிட்டால் சிம் வேலை செய்யாது. நிறுவனத்தின் சொந்தக் கடையில் பாஸ்போர்ட்டைக் காட்டிச் சுற்றுலாப் பயணி சிம் வாங்கினால் 90 நாளுக்குப் பதிந்து தருவார்கள். பெட்டிக்கடையில் வாங்கிப் போட்ட சிம் எனக்கு இரண்டே நாளில் அடங்கிப்போனது.

காயத்துக்குப் போடும் மருந்து, கொசு விரட்டும் களிம்பு, பாறையில் நடக்கும் ரப்பர் செருப்பு ஆகியவற்றையும் டவுனில் வாங்கிவிடுங்கள். அரசு மருத்துவமனை டவுனில்தான், டாக்டர் தர்சோனோ மருத்துவமனை என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும். 'புஸ்கெஸ்மாஸ்' என்று சொல்லும் ஆரம்ப சுகாதார நிலையம் பிரிங்குக்குவில் உண்டு.

6. பைக்

கிராமத்துக்குள் பஸ் வராது. பைக் இல்லாமல் சுற்றுவட்டாரத்தைப் பார்க்க முடியாது. கியர் இல்லாத ஸ்கூட்டர் நாளைக்கு 75,000 முதல் 1,00,000 ரூபியா வரை. பெட்ரோல் பங்கில் பெர்த்தாலைட் என்ற வகைப் பெட்ரோல் லிட்டர் 10,000. சாலையோரத்தில் பாட்டிலில் விற்பது கொஞ்சம் கூடுதல்.

ஊரில் கிளம்புமுன் ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுங்கள். படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். அதில் இருசக்கர வாகனத்துக்கான முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விபத்து நடந்தால் பயணக் காப்பீடு பைசா தராது. வாடகை வண்டியில் 'எஸ்டிஎன்கே' என்ற பதிவுச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போலீஸ் நிறுத்தினால் முதலில் கேட்பது அதைத்தான்.

வண்டி இடது பக்கம்தான், அதில் குழப்பமில்லை. ஆபத்து இறக்கத்தில். கிராமத்துக்கு இறங்கும் சாலைகள் செங்குத்தானவை. கியர் இல்லாத வண்டியில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினால் அது சூடாகிப் பிடிக்காமல் போய்விடும். நடுநடுவே நிறுத்தி ஆறவிடுங்கள். கூகுள் மேப் குறுக்குவழி என்று காட்டும் ஒற்றையடி கான்கிரீட் பாதைகளில் போகாதீர்கள். இருட்டிய பிறகு அந்தப் பக்கம் வண்டி ஓட்டவே வேண்டாம்.

7. தங்கும் வீடும் 'லாப்போர்' விதியும்

வீட்டில் ஓர் அறை இரவுக்கு 1,50,000 முதல் 3,00,000 ரூபியா வரை. முன்பதிவு செய்யும்போதே காலைச் சாப்பாடு சேர்த்தா, கொசுவலை உண்டா, தண்ணீர் வருகிறதா என்று மூன்றையும் கேளுங்கள்.

'தாமு வாஜிப் லாப்போர் 1 × 24 ஜாம்' என்ற பலகையைப் பல இடங்களில் பார்ப்பீர்கள். விருந்தாளி வந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று பொருள். வாடகை அறை என்றால் வீட்டுக்காரரே தெரிவித்துவிடுவார். அவருக்குப் பாஸ்போர்ட் முதல் பக்கத்தின் நகலும் விசாவின் நகலும் வேண்டும். நான்கு செட் எடுத்துப் போங்கள், கிராமத்தில் நகல் எடுக்க அலைய வேண்டியிருக்கும். நண்பர் வீட்டில் தங்கினால் அவரோடு சேர்ந்து நீங்களே தெருப் பொறுப்பாளரைப் போய்ப் பாருங்கள். அவரைப் 'பா எர்தே' என்று அழைப்பார்கள். ஒரு காபியோடு முடிகிற வேலை. இதைத் தவிர்த்தால் மாட்டிக்கொள்வது நீங்கள் அல்ல, உங்களுக்கு இடம் கொடுத்தவர்.

8. தண்ணீரும் சாப்பாடும்

இது சுண்ணாம்புக்கல் பூமி. பெய்யும் மழை மேலே நிற்காமல் பூமிக்குள் இறங்கிவிடும். வறண்ட மாதங்களில் இந்தக் குன்றுப் பகுதிகளில் தண்ணீரை லாரியில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். குளியலறையில் தொட்டியும் மொண்டு ஊற்றும் 'காயுங்'கும் இருக்கும். தொட்டிக்குள் இறங்குவதோ, சோப்புக் கையை விடுவதோ கூடாது. செம்பில் மொண்டு குளித்துப் பழகிய நமக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் அளவாகக் குளியுங்கள்.

அந்த மண்ணின் சாப்பாடு தீவுல். மரவள்ளிக் கிழங்கைச் சீவிக் காயவைத்து, மாவாக்கி ஆவியில் வேகவைப்பது. பார்க்கவும் உதிர்க்கவும் புட்டு மாதிரி. காரமான மீன் குழம்போடு சாப்பிட்டால் அப்படியொரு ருசி. வீட்டுக்கார அம்மாவிடம் முந்தின இரவே சொல்லிவிடுங்கள், அது உடனே ஆகிற வேலை அல்ல.

சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க: டோஃபுவுக்கு அங்கே தாஹு என்று பெயர். ஆனால் பச்சித்தானின் பெயர்பெற்ற 'தாஹு தூனா'வுக்குள் சூரை மீன் இருக்கும். சம்பல் என்ற சட்னியில் பெரும்பாலும் தெராசி என்ற இறால் விழுது சேரும். 'தான்பா இக்கான், தான்பா தெராசி' என்று சொல்லுங்கள், மீன் வேண்டாம், இறால் விழுது வேண்டாம் என்று பொருள். புளிக்கவைத்த சோயாக் கட்டியான தெம்பே, வேர்க்கடலைக் குழம்பு ஊற்றிய காய்கறியான பெச்செல், தேங்காய்ப் பாலில் செய்த லோடே இருக்கும்வரை பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

9. கடல்

இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

தென் ஜாவாக் கடல் அமைதியாகத் தெரியும், அமைதியானது அல்ல. கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் எங்கே என்று அங்குள்ளவர்களுக்குத்தான் தெரியும். மீனவர்கள் இறங்காத இடத்தில் நீங்கள் இறங்காதீர்கள். வத்துகாருங்கின் பெரிய அலை ஆழமில்லாத பாறைத் தளத்தின் மேல் உடைகிறது. தேர்ந்தவர்களுக்கு மட்டுமானது. அலைச்சறுக்கு பழகத்தான் போகிறீர்கள் என்றால் பச்சித்தான் டவுனை ஒட்டிய மணல் கடற்கரையில் ஆரம்பியுங்கள். தென்கரையில் பச்சை உடை உடுத்திக் கடலில் இறங்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள், அது தென்கடல் அரசியின் நிறமாம். வாதம் செய்ய வேண்டாம், வேறு நிறத்தை எடுத்து வையுங்கள்.

அடுத்தது சுனாமி. 2021 செப்டம்பரில் இந்தோனேசிய வானிலை, புவியியல் ஆய்வு நிறுவனம் சொன்ன மிக மோசமான கணிப்பின்படி, பச்சித்தான் கரையில் அலை 28 மீட்டர் வரை எழலாம், வந்து சேர 29 நிமிடம் ஆகலாம். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அங்கே குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த 20-20-20 கணக்கு நமக்கும் தெரிய வேண்டும்: நிலம் 20 விநாடி ஆடினால், 20 நிமிடத்துக்குள், 20 மீட்டர் உயரத்துக்கு மேல் ஏறிவிட வேண்டும். சங்கு ஊதும் என்று காத்திருக்கக் கூடாது. போய்ச் சேர்ந்த முதல் நாள் மாலையே 'ஜாலூர் எவாகுவாசி' (தப்பிச் செல்லும் வழி) பலகையைக் கண்டுபிடித்து அந்த வழியில் ஒரு முறை மேலே நடந்து பாருங்கள். பாஸ்போர்ட், பணம், டார்ச் மூன்றையும் ஒரே சின்னப் பையில் கட்டிலருகே வைத்துக்கொண்டு தூங்குங்கள். மூன்று முறை போயும் நான் இதை விட்டதில்லை.

10. சுற்றிப் பார்க்க

இந்தக் குன்றுகள் யுனெஸ்கோவின் உலகப் புவிப்பூங்காக்களில் ஒன்றான குனுங் செவுவின் பகுதி. 2015இல் அந்த அங்கீகாரம் கிடைத்தது. கிளாயார் கடற்கரையில் பாறை இடுக்கு வழியாகக் கடல்நீர் ஊதிக்கொண்டு எழும், அதைக் 'கடல் புல்லாங்குழல்' என்கிறார்கள். வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள், சனி ஞாயிறு கூட்டம் தாங்காது. புனுங் பக்கம் கோங் குகை. தாபுஹான் குகையில் தொங்கும் கல் விழுதுகளைத் தட்டி கேமலான் இசை போல வாசிக்கிறார்கள். எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது மாரோன் ஆற்றுப் படகு. இருபுறமும் தென்னை, கடைசியில் கடல். வாடகை படகுக்குத்தான், ஆளுக்கு அல்ல. எனவே கூட இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நுழைவுச் சீட்டு, வண்டி நிறுத்தக் கட்டணம் என்று ஒவ்வொரு இடத்திலும் சில்லறை போகும்.

11. ஊரோடு பழக

ஆண்களைப் பா, பெண்களை பு, இளைஞரை மாஸ், இளம்பெண்ணை ம்பா என்று பெயருக்கு முன் சேர்த்து அழையுங்கள். யாரையும் கடந்து போகும்போது லேசாகக் குனிந்து 'நுவுன் செவு' சொல்லுங்கள். ஒரு வீட்டு வாசலில் 'குலோ நுவுன்' என்று குரல் கொடுத்துவிட்டு நில்லுங்கள். இந்த இரண்டையும் ஜாவா மொழியில் சொன்னாலே முகங்கள் மலர்ந்துவிடும். கொடுப்பதும் வாங்குவதும் வலக்கையால். கடற்கரையை விட்டுத் தெருவுக்குள் வந்தால் தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் கடைகள் மூடியிருக்கும்.

கிராமச் சந்தைகள் நம் வாரக் கணக்கில் கூடுவதில்லை. லெகி, பாஹிங், போன், வாகே, கிளிவோன் என்ற ஐந்து நாள் சுற்றில் கூடும். 'சந்தை என்றைக்கு' என்று கேட்டால் 'பாஹிங்' என்று பதில் வரும். அது நாளைக்கா, நான்கு நாள் கழித்தா என்று அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுங்கள். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் கட்டாயம் போங்கள், நம் ஊர் மொய் போல 50,000 ரூபியா உறையில் வைத்துக் கொடுங்கள்.

12. மொத்தச் செலவும் திரும்பும் நாளும்

ஐந்து இரவுக்கு எனக்கு ஆனது: அறை 10,00,000, சாப்பாடு 3,75,000, ஆறு நாள் பைக் 4,80,000, பெட்ரோல் 1,00,000, படகும் சீட்டுகளும் 2,00,000, யோக்யகர்த்தாவிலிருந்து போக வர வேன் 2,40,000. ஆக 23,95,000 ரூபியா. ஒரு இந்திய ரூபாய்க்கு 185 ரூபியா என்று வைத்தால் 13,000 ரூபாய்க்குள் அடங்கும். விசாவும் விமானமும் தனி.

திரும்பும் வேனுக்கு இரண்டு நாள் முன்பே சொல்லுங்கள். பல வேன்கள் விடியுமுன்பே கிளம்பும். பைக்கை முந்தின மாலை ஒப்படைத்துவிட்டு, டவுன் வரை கொண்டுவிட ஆளை ஏற்பாடு செய்யுங்கள். அறை வாடகையைப் பேச்சோடு பேச்சாக நீட்டாமல் உறையில் போட்டு வீட்டுக்கார அம்மாவிடம் கொடுங்கள். விமானம் மறுநாள்தான் இருக்க வேண்டும். மழைக்காலம் என்றால் மண்சரிவுக்காக இன்னும் ஒரு நாளைச் சேர்த்தே டிக்கெட் எடுங்கள், அந்த நாளும் விசாவின் 30 நாளுக்குள் வருகிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டு.